பெருந்தொற்றும் பயணமும்: பஸ் பயமும் பைக் பழக்கமும்

கோவிட் ஊரடங்கில் நின்ற அரசு பஸ்கள் 2020 ஜூன் 1 அன்று தமிழ்நாட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் ஒரே மண்டலத்தில் இருந்தன. மண்டலத்துக்குள் மட்டும்தான் பஸ் ஓடியது. 60 சதவீத இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. ஒரே மாதத்தில் அந்த பஸ்களும் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக செப்டம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோபியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் அதுவரை என்ன செய்வார்? பழைய பைக்கோ மொபெட்டோ வாங்கினார். பஸ் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தொற்றை நினைத்துப் பயந்தவர்கள் சாலையை நினைக்கவில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். எனவே அடுத்த தொற்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, பஸ்ஸைக் கைவிடுவதா என்பதல்ல; பஸ்ஸுக்குள் காற்றை எப்படி ஓட வைப்பது என்பதுதான்.

கோவிட் முக்கியமாகக் காற்றில்தான் பரவியது. சீட்டுக்கும் கம்பிக்கும் மருந்து அடித்த உழைப்பில் பாதியை ஜன்னலில் காட்டியிருந்தால் பலன் அதிகம். உங்கள் ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது. எதிர்ப்பக்கமும், முன்னும் பின்னும் திறந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். மழை வந்தால் ஷட்டரை முழுக்க இறக்கிவிடுகிறோம். நாலு விரல் இடைவெளி விட்டு இறக்குங்கள். டிரைவருக்குப் பின்னால் கட்டிய பிளாஸ்டிக் திரை எச்சில் துளியைத் தடுக்கும், ஆனால் காற்றோட்டத்தையும் சேர்த்தே தடுக்கும். இன்னொன்று, நம் ஊர் தனியார் பஸ் பாட்டு. பாட்டுச் சத்தம் கூடினால் பேச்சுச் சத்தமும் கூடும். கத்திப் பேசினால் மூச்சில் வெளியேறும் நுண்துளிகள் பல மடங்கு. தொற்றுக் காலத்தில் பாட்டைக் குறைப்பது மருத்துவ நடவடிக்கையே.

கம்பெனி வேன்தான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். முக்கால் மணி நேரம், அடைத்த கண்ணாடி, ஏசி. டேஷ்போர்டில் காருக்குள் அம்பு வளைந்து சுற்றுவது போல ஒரு படம் இருக்கும். அந்தப் பொத்தான் எரிந்தால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்ப வருகிறது. அதை அணைத்து வெளிக்காற்று வர விடுங்கள். குளிர் குறையும், அதனால்தான் டிரைவர்கள் மறுபடி போட்டுவிடுவார்கள். டிரைவரிடம் காரணத்தைச் சொன்னால்தான் அந்தப் பழக்கம் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை வண்டி நடுவில், மூக்கு உயரத்தில், யாருடைய மூச்சும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். எல்லாரும் ஏறி இருபது நிமிடம் ஓடிய பிறகு பாருங்கள். வெளியே 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 1000 தாண்டினால் அடுத்தவர் விட்ட மூச்சை இழுக்கிறோம் என்று பொருள்.

வண்டிக்கு ஒரே ஆட்கள், ஆளுக்கு ஒரே சீட் என்று எழுதி வையுங்கள். ஒருவருக்குத் தொற்று வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவும். காய்ச்சலை மறைத்து வண்டி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பீஸ் ரேட் கூலிதான், அதாவது தைத்த உருப்படிக்கு மட்டும் காசு. லீவு போட்டால் கையில் ஒன்றும் இல்லை என்ற நிலையில் எந்த போஸ்டரும் வேலை செய்யாது.

பைக்தான் வழி என்றால், மாதக்கணக்கில் நின்ற வண்டியை அப்படியே எடுக்காதீர்கள். டயர் காற்று, பிரேக் கேபிள், செயின் மூன்றையும் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் காற்று அளவு வேறு. வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும், இரவல் வேண்டாம். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைவிட கம்பெனியிலேயே இரண்டு மணி நேரம் படுத்து எழுவது மேல்.

வீட்டில் ஒரே வண்டி என்றால் அதை ஆண் எடுத்துப் போவார். பஸ் நின்றால் பெண்களும் முதியவர்களும்தான் வீட்டோடு முடங்குவார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே 8 அன்று வந்தது. இரண்டே நாளில் முழு ஊரடங்கு. கொங்கு மாவட்டங்களில் பஸ் மறுபடி ஓடியது ஜூலை 5 அன்றுதான். டிரிப்பைக் குறைத்தால் இருக்கும் ஒரு பஸ்ஸில் எல்லாரும் தொங்குவார்கள். தொற்றுக் காலத்தில் காலை 7 முதல் 9 வரை, மாலை 5 முதல் 8 வரை டிரிப்பைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.