வட்டியைக் கட்டுங்கள், தள்ளுபடி வந்தால் வரட்டும்

பொங்கல் முடிந்ததிலிருந்து இது நான்காவது ஆள். நகைக்கடன் ஏல நோட்டீசை நான்காக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. ஐந்தரைப் பவுன், மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்தது. 1,40,000 ரூபாய்க் கடன், இருபது மாதமாக ஒரு பைசா வட்டி கட்டவில்லை. பணம் இல்லையா அம்மா என்று கேட்டேன். "இருந்துச்சு சார். வருசம் முடிஞ்சப்ப வட்டிப் பணத்தைக் கையில எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், எலெக்‌ஷன் வரப்போகுது, எல்லாம் தள்ளுபடி ஆயிடும், இப்பப் போயி கட்டுறியேன்னாரு. திரும்பி வந்துட்டேன்" என்றார். அந்தப் பணம் அப்புறம் கூரை மாற்றப் போய்விட்டது.

முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தேன், பெரும்பாலும் கிராமக் கிளைகள். ஓய்வுக்குப் பிறகு இப்போது கடன் சிக்கலில் மாட்டியவர்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலை. தேர்தல் நெருங்க நெருங்க என் முன்னால் வந்து உட்காருகிறவர்களின் எண்ணிக்கை கூடும், கதை மட்டும் மாறாது. "தள்ளுபடி வரும்னு சொன்னாங்க." யார் சொன்னார்கள் என்று கேட்டால் பக்கத்து வீடு, டீக்கடை, வாட்ஸ்அப். அந்த அம்மாவின் கடன் எங்கே இருந்தது தெரியுமா? தேசியமயமாக்கப்பட்ட வங்கியில். 2021 தேர்தலில் வந்த நகைக்கடன் தள்ளுபடி வாக்குறுதி கூட்டுறவு வங்கிகளில் வைத்த நகைக்கு மட்டும். தேசிய வங்கிக்கோ தனியார் அடகு நிறுவனத்துக்கோ அதில் இடமே இல்லை. அந்த ஒரு விவரத்தை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார்.

தேர்தல் வாக்குறுதி ஒரு கட்சியின் பேச்சு. அந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும், ஆட்சி அமைக்க வேண்டும், பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், அரசாணை போட வேண்டும், அரசாணையில் யார் தகுதி, யார் தகுதி இல்லை என்று எழுத வேண்டும், பட்டியல் தயாரிக்க வேண்டும், அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இத்தனையும் நடந்து முடியும் நாள் வரை உங்கள் கடன் உங்கள் கடன்தான், ஒவ்வொரு நாளும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேடையில் அறிவித்த ராத்திரியே வங்கிக் கணினியில் வட்டி நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படித்தவர்களிலும் இருக்கிறார்கள். நிற்காது. நான் கிளை மேலாளராக இருந்தபோது, "முதலமைச்சரே சொல்லிட்டாரு, நீங்க யாரு கேக்கறதுக்கு" என்று என் மேஜையைத் தட்டியவர்கள் உண்டு. முதலமைச்சர் சொன்னாலும் எழுத்தில் வந்தால்தான் கிளையில் ஒரு எண் மாறும்.

2021இல் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் வாக்குறுதி மட்டும் ஞாபகம் இருக்கிறது, அரசாணை ஞாபகம் இல்லை. ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்றார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு, நவம்பர் 1ஆம் தேதி அரசாணை. நகைக்கடன் வாங்கியிருந்தவர்கள் 48 லட்சத்துக்கும் மேல். அதில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி இல்லை என்று டிசம்பரில் பட்டியல் வந்தது. நான்கில் மூன்று பேர் நெருங்கி வெளியே. ஒரு குடும்பத்தின் எல்லா நகைக்கடனையும் சேர்த்து 40 கிராமைத் தாண்டினால் இல்லை. தாண்டியதற்கு மட்டும் நீங்கள் கட்டுங்கள், 40 கிராமை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கிடையாது, மொத்தமாகவே இல்லை. அந்த வருடம் பயிர்க்கடன் தள்ளுபடி வாங்கியவர்களுக்கு இல்லை. அரசு ஊழியர், கூட்டுறவு ஊழியர் குடும்பங்களுக்கு இல்லை. எந்தப் பொருளும் வேண்டாம் என்று குடும்ப அட்டை வைத்திருந்தவர்களுக்கும் இல்லை.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. பொதுப் பணத்தைக் கொடுக்கும்போது வடிகட்டத்தான் வேண்டும், கவரிங்கை வைத்துக் கடன் வாங்கிய மோசடிகூட அந்தச் சோதனையில்தான் வெளியே வந்தது. ஆனால் தேர்தலுக்கு முன்னால் அவசர அவசரமாக ஓடிப்போய் நகையை வைத்தவர்கள் பாடு என்ன ஆனது? ஒருவர் வந்தார், நல்ல உழைப்பாளி, கடலை போடுகிறவர். தேவையே இல்லாமல், தள்ளுபடி ஆனால் லாபம்தானே என்று, அம்மா பெயரில் நாலு பவுன், மனைவி பெயரில் நாலு பவுன், தன் பெயரில் இரண்டு என்று பிரித்து வைத்திருந்தார். குடும்ப அட்டையை வைத்துச் சேர்த்துப் பார்த்தார்கள், 80 கிராம். மூன்று கடனும் தகுதியில்லாப் பட்டியலில். அதற்குப் பிறகும் ஒரு வருடம், அடுத்த பட்டியலில் வரும், மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்று யாரோ சொன்னதை நம்பி வட்டி கட்டாமல் இருந்தார். கடைசியில் ஒரு பவுனை விற்றுத்தான் மீதியை மீட்டார். அவரிடம் நான் கோபப்பட்டேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் அவர் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. 2008இல் மத்திய அரசு விவசாயக் கடன் தள்ளுபடி கொண்டுவந்தபோது, 2007 டிசம்பர் 31 அன்று தவணை தவறி நின்ற கடன்தான் கணக்கு. நாயாய் உழைத்து, வட்டிக்கு வாங்கியாவது தவணையை நேரத்துக்குக் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை, கட்டாதவருக்குத் தள்ளுபடி. அந்த வருடம் என் கிளையில் ஒரு பெரியவர் ரசீதுகளை எல்லாம் மேஜையில் பரப்பி, "ஒழுங்காக் கட்டுனது என் தப்பா" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கட்டாதவன் புத்திசாலி என்ற பாடம் அன்றைக்குத்தான் ஊர் ஊராகப் பதிந்தது. அதோடு அந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்து 2013இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அறிக்கை கொடுத்தபோது, சோதித்த 90,576 கணக்குகளில் 22 விழுக்காட்டுக்கும் மேல் குறைபாடு கண்டுபிடித்தார்கள். தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் இருந்தார்கள், தகுதி இல்லாமல் பெற்றவர்களும் இருந்தார்கள்.

ஆனால் அந்த 2008 பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். தமிழ்நாட்டில் 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது, 2021 பிப்ரவரியில் 12,110 கோடி. இரண்டிலும் தவணை தவறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதலாவதற்கு 2016 மார்ச் 31, இரண்டாவதற்கு 2021 ஜனவரி 31, அந்தத் தேதியில் கடன் நிலுவையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒழுங்காக வட்டி கட்டிப் புதுப்பித்தவருடைய கடனும் நிலுவைதான், அவருக்கும் தள்ளுபடி கிடைத்தது. சரி, அப்படியானால் வட்டி கட்டாமல் இருந்து என்ன சம்பாதித்தீர்கள்? வாக்குறுதி நிறைவேறினாலும் கட்டியவருக்கு நஷ்டம் வட்டிப் பணம் மட்டும். நிறைவேறாவிட்டால் கட்டாதவருக்குப் போவது நகை. இந்தக் கணக்கைத்தான் நான் ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதிக் காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ இலவசத்துக்கு எதிரி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் ஆரம்பித்ததிலிருந்து பாஸ்புக் பாஸ்புக்காகப் பார்க்கிறேன். மாதம் ஆயிரம் ரூபாய், நடுவில் யாரும் இல்லாமல் நேராக அந்தப் பெண்ணின் கணக்குக்கு வருகிறது. சிலிண்டருக்கும், பிள்ளையின் நோட்டுக்கும், நகைக்கடன் வட்டிக்கும்தான் போகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் வட்டி கட்டுவதே அந்தப் பணத்தில்தான். ரேஷன் அரிசியும் பள்ளிக் காலை உணவும் இல்லாவிட்டால் அடகுக் கடைக்கு இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பணம் இருப்பவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பது அரசின் வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வருமான வரி கட்டுகிற நாங்கள்தான் இதற்கெல்லாம் அழுகிறோம் என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த மஞ்சள் பை அம்மா சோப்பு வாங்கும்போதும் பிஸ்கட் வாங்கும்போதும் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் தள்ளுபடி யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், நிலமோ நகையோ இருக்க வேண்டும். நிலமும் இல்லாமல் நகையும் இல்லாமல், வாரத் தவணைக்கு மைக்ரோ பைனான்சில் வாங்கிவிட்டு செவ்வாய்க்கிழமை ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு நகைக்கடன் தள்ளுபடியால் என்ன வந்தது? அப்புறம், மாநில அரசும் நம்மைப் போலக் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. 2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் சுமார் 70,000 கோடி, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன தருவீர்கள் என்று கேட்பதோடு, எங்கிருந்து தருவீர்கள், யாருக்கு இல்லை என்றும் கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. இலவசத் தொலைக்காட்சி, மிக்சி வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தேர்தல் வாக்குறுதிகளுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்ன பிறகு, அதற்குப் பணம் எப்படி வரும் என்று பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதிகளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வருடம் முடிவதற்குள் வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்துவிடுங்கள், தேர்தல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். முழு வட்டி இல்லாவிட்டால் இருப்பதைக் கொண்டுபோய்க் கட்டுங்கள், மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள், நோட்டீஸ் வந்த பிறகு பேசுவதைவிட முன்னால் பேசினால் அவரால் செய்ய முடிவது அதிகம். தள்ளுபடிக்காக என்று புதிதாக நகையைக் கொண்டுபோய் வைக்கவே வைக்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, தயவுசெய்து இந்த ஒன்றையாவது கேளுங்கள். அறிவிப்பு வந்தால் மூன்று கேள்வி: எந்த வங்கிக்கு, எந்தத் தேதி வரை உள்ள கடனுக்கு, குடும்பத்துக்கா ஆளுக்கா. மூன்றுக்கும் பதில் அரசாணையில் இருக்கும், அது வரும் வரை யார் சொன்னாலும் பேச்சுதான். தள்ளுபடி வாங்கித் தருகிறேன், மனு எழுதித் தருகிறேன், சான்றிதழ் தருகிறேன் என்று இருநூறு ஐநூறு கேட்கிறவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஆதார் நகலும் கொடுக்காதீர்கள். இப்படிச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. தவணை தவறினால், யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று குறித்து வைக்கும் சிபில் நிறுவனத்தில் பதிவாகும், அடுத்த வருடம் பிள்ளைக்குக் கல்விக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும்.

ஏலம் வரைக்கும் போய்விட்டாலும் விட்டுவிடாதீர்கள். ஏல நாளுக்கு முன்னால் கட்டி மீட்கலாம். ஏலம் போனாலும் கடன், வட்டி, செலவு போக மிச்சம் உங்கள் பணம், எழுதிக் கேட்டு வாங்குங்கள். தங்கம் இன்று விற்கிற விலையில் மிச்சம் சின்னத் தொகையாக இருக்காது, அதைக் கேட்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் தம்பி 23,000 கைமாற்றாகக் கொடுத்தார், வட்டியும் செலவும் கட்டி ஏலத்தை நிறுத்தினோம். ரசீதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கணக்கில் இருந்தது மூன்று வருடத்துக்கு முன்பு காலி செய்த வாடகை வீட்டு முகவரி, செல்போன் எண்ணும் பழையது. முதல் நோட்டீஸ் வந்ததே அவருக்குத் தெரியாது. உங்கள் நகை எங்காவது அடகில் இருந்தால் நாளைக்கே ரசீதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், என்ன முகவரி, என்ன எண் இருக்கிறது என்று கேட்டு மாற்றிவிட்டு வாருங்கள்.