தோற்றுப்போனதும் தீர்மானம்தானா?

1999 ஏப்ரல் 17 அன்று, வாஜ்பாய் அரசின் நம்பிக்கை கோரும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது, ஆட்சி போனது. செய்தி படித்த யாருக்கும் அந்த வாக்கியம் உறுத்தியிருக்காது. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சபை ஏற்க மறுத்ததையும் நாம் 'தீர்மானம்' என்றுதான் சொல்கிறோம்.

பொதுவாக, ஒருவர் சபை முன் வைக்கும் யோசனை மோஷன். சபை அதை ஏற்று எடுக்கும் முடிவு ரெசல்யூஷன். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஒரே சொல். இலங்கைத் தமிழில் முதலாவதற்குத் தனிச்சொல் இருக்கிறது: பிரேரணை. அங்கே வருவது 'நம்பிக்கையில்லாப் பிரேரணை'. எனக்கு இது தெளிவாகப் படுகிறது. கொண்டுவரும்போது பிரேரணை, நிறைவேறியபின் தீர்மானம் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக் குழப்பத்துக்குச் சட்டமன்றச் செய்திகளே போதும். 'கவன ஈர்ப்புத் தீர்மானம்' என்கிறார்கள். உறுப்பினர் ஒரு பிரச்சினையை எழுப்புவார், அமைச்சர் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஓட்டெடுப்பே கிடையாது. 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்றால் அந்தப் பிரச்சினையைத் தள்ளிப்போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர்: இதை இப்போதே பேச வேண்டும், மற்ற அலுவல்களை ஒத்திவையுங்கள் என்று கேட்பது.

முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற சொற்கள் பழகியவைதான். ஆனால் வழிமொழிந்தாலே ஆதரவு என்று அர்த்தமில்லை. 'இதைச் சபை பேசட்டும்' என்பது மட்டுமே அதன் பொருள். வழிமொழிந்தவரே கடைசியில் எதிர்த்து ஓட்டுப் போடலாம். பேச்சின் நடுவே யாராவது வாசகத்தை மாற்றச் சொன்னால் அது திருத்தம். முதலில் திருத்தத்துக்கு ஓட்டு, பிறகுதான் மூலத்துக்கு. திருத்தம் ஏற்கப்பட்டால், திருத்திய வாசகத்துக்கு மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். இந்த இரண்டாவது ஓட்டைத்தான் பல கூட்டங்களில் மறந்துவிடுகிறார்கள்.

இனி பெரும்பான்மை. இந்திய நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 114 இரண்டு வகை சொல்கிறது. எதிர்ப்பு ஓட்டுகளைவிட ஆதரவு ஓட்டுகள் கூடுதலாக இருந்தால் சாதாரணத் தீர்மானம் நிறைவேறும். சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர்ப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறோம் என்று கூட்ட அறிவிப்பிலேயே சொல்லியிருக்கவும் வேண்டும். நிறுவனத்தின் பெயரை மாற்றுவது, அதன் உள்நிர்வாக விதிகளை (ஆர்ட்டிகிள்ஸ்) திருத்துவது போன்றவற்றுக்கு இதுதான் தேவை.

'மொத்தத்தில் முக்கால் பங்கு' என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் தவறுகிறார்கள். 100 ஓட்டுகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஆதரவு 60, எதிர்ப்பு 20, மீதி 20 பேர் ஓட்டே போடவில்லை. நூற்றுக்கு அறுபதுதான், ஆனாலும் நிறைவேறியது. காரணம், இருபதின் மூன்று மடங்கு அறுபது. ஓட்டுப் போடாதவர் கணக்கில் வரமாட்டார். அரசியலமைப்புச் சட்டத் திருத்தத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. பிரிவு 368-ன்படி, வந்திருந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கோடு, அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் வேண்டும். அங்கே ஓட்டுப் போடாமல் இருப்பதும் கிட்டத்தட்ட எதிர்ப்புதான்.

சிறப்புத் தீர்மானம் வேறு, சிறப்பு அறிவிப்பு வேறு. ஒரு இயக்குநரை நீக்க வேண்டுமானால் கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பு சிறப்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆனால் பொதுவாக நீக்குவதற்குச் சாதாரணத் தீர்மானமே போதும். 'சிறப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் மூன்று மடங்கு தேடுவது வீண்வேலை.

கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு பற்றி ஒரு வார்த்தை: தனியார் நிறுவனப் பொதுக்கூட்டத்துக்கு நேரில் இரண்டு உறுப்பினர் இருந்தால் போதும். ஆயிரம் உறுப்பினர் வரை உள்ள பொது நிறுவனத்துக்கு (பப்ளிக் கம்பெனி) ஐந்து பேர்.

கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட் புத்தகத்தில்தான் சொற்கள் நிஜமாகவே கடிக்கும். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் முடிவு எதுவும் இல்லை. 'பதிவு செய்துகொள்ளப்பட்டது' என்றால் சபைக்குத் தெரிந்தது, அவ்வளவே, ஒப்புதல் ஆகாது. 'கொள்கை அளவில் ஏற்கப்பட்டது' என்பதை வைத்துப் பணம் எடுக்க முடியாது. யார், எதை, எவ்வளவில், எப்போதுக்குள் என்று சொல்லி 'எனத் தீர்மானிக்கப்படுகிறது' என முடிந்தால்தான் அது தீர்மானம். 'ஒருமனதாக' என்ற சொல்லையும் தாராளமாக அள்ளித் தெளிக்கிறார்கள். நான்கு பேர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருந்தால் 'எதிர்ப்பின்றி நிறைவேறியது' என்று எழுதுங்கள். அந்த நால்வரில் ஒருவர் நாளைக்கு வந்து 'நான் எப்போது சம்மதித்தேன்?' என்று கேட்டால், புத்தகத்தைத் திறந்து காட்டலாம்.