பீலிச் சத்தத்துக்குள் ஒரு குரல்

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி அம்மாயி தான் கொழுந்தெடுத்த காலத்தைச் சொன்னார். நேரில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இரவு ஹெட்போனை மாட்டினால், பக்கத்துப் பீலியில், அதாவது ஓயாமல் தண்ணீர் விழும் குழாயில், கொட்டும் சத்தம் அவர் குரலை மூடிக்கொள்கிறது. இரண்டு காதுகளுக்கும் சத்தம் வந்து சேர்வதில் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்து, வேண்டிய பக்கத்தை மூளை பிடித்துக்கொள்ளும். ஒற்றை மைக்குக்கு அந்த வசதி இல்லை. இந்தப் பதிவு ஒரு குறும்படத்துக்கு. அதற்காகத்தான் இரைச்சல் நீக்கப் பழகினேன்.

மின்சார ரீங்காரம் சுலபம். நம் நாட்டில் அது 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும்தான் இருக்கும். அந்த இடங்களை மட்டும் மெல்லிசாக வெட்டினால் போதும். பீலி அப்படியில்லை, எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கும்.

படத்துக்கான ஒலி வழக்கமாகச் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. மென்பொருள் அதை, உதாரணமாக, 2,048 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுக்கும். ஒரு துண்டு ஏறத்தாழ 43 மில்லிசெக்கன். ஃபூரியே கணக்கின் மூலம் ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று பார்க்கும். யாரும் பேசாத சில செக்கன்களை நாம் காட்டிக் கொடுத்தால், பீலியின் சராசரியை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். அப்புறம் பதிவு முழுவதிலும், அந்தந்த அதிர்வெண்ணில் அந்த அளவைக் கழிக்கும். ஸ்டீவன் போல் (Steven Boll) என்ற ஆய்வாளர் 1979இல் விவரித்த முறை இது.

சராசரி என்பதில்தான் சிக்கல். பீலியின் சத்தம் துண்டுக்குத் துண்டு ஏறி இறங்கும். கழித்த பிறகும் சராசரிக்கு மேலே எழும்பிய துளிகள் அங்கங்கே மிஞ்சி, சின்னச் சின்ன மணிகள்போலக் கிணுகிணுக்கும். அதையும் போக்கலாமென்று இன்னும் கழித்தேன். "சங்கு ஊதினதும் பெரட்டுக்குப் போவோம்" என்று அம்மாயி சொன்னது "அங்கு ஊதினதும்" ஆகிவிட்டது. பேச்சில் வரும் அந்த மெல்லிய 'ச'வும் இரைச்சலைப்போலவே உயர்ந்த அதிர்வெண்களில் பரந்திருக்கும் ஒலி. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று.

தகரத்தில் விழும் மழைக்கு இந்த முறை எடுபடவே எடுபடாது. ஒவ்வொரு துளியும் தனித்தனித் தட்டு. சராசரி எதையும் சொல்லாது. அங்கே நரம்பு வலையமைப்புகள், அதாவது உதாரணங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரல்கள், உதவுகின்றன. சுத்தமான பேச்சில் விதவிதமான இரைச்சல்களைக் கலந்து கொடுத்து, கலவையில் பேச்சின் பங்கு எவ்வளவு என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். ஜான்-மார்க் வாலின் (Jean-Marc Valin) என்பவர் 2017இல் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ் (RNNoise) என்ற இரைச்சல் நீக்கும் மென்பொருள், ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு விட்டுவைப்பது என்று தீர்மானிக்கிறது. ஆனால் மழையில் முழுதாய் மூழ்கிய சொல்லை அதனாலும் மீட்க முடியாது.

ஆகவே மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால், நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும். பீலி அப்படியே இருக்கும். இந்த முறை ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். பீலிப் பக்கம் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிட்டோம். அரை நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாயி கைகளை மடியில் வைத்துக்கொண்டு பீலியையே பார்த்திருந்தார். பிறகு சங்கு ஊதிய கதையைத் திரும்பச் சொன்னார்.