பொருள் 499 ரூபாய், ‘ஹேண்ட்லிங்’ 298 ரூபாய்

வீட்டுக்கே வந்து சேரும் பொருள் பற்றி யார் புகார் கொண்டுவந்தாலும், பில்லின் கடைசி நாலு வரியைத்தான் முதலில் படிப்பேன். நுகர்வோர் வழக்குகளை நடத்தி நடத்தி வந்த பழக்கம் இது.

அண்மையில் ஓர் அம்மா கொண்டுவந்த பில். டிவி விளம்பரத்தைப் பார்த்து, போனில் ஆர்டர் செய்து வாங்கிய காய்கறி நறுக்கும் கருவி. விலை 499; ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். கூரியர்காரரிடம் அவர் கொடுத்ததோ 857 ரூபாய். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, அதாவது பேக் செய்து அனுப்பும் கட்டணம், 149 வீதம் இரண்டு; கேஷ் ஆன் டெலிவரிக்கு 60. இலவசம் என்று சொன்ன கருவிக்கும் 149 வாங்கியிருக்கிறார்கள். வந்தது ஒரே அட்டைப்பெட்டி; அதில் ஒட்டியிருந்த கூரியர் லேபிளிலும் ஒரே டிராக்கிங் எண். பிறகு எதற்கு இரண்டு ஹேண்ட்லிங்?

பிளேடு உடைந்திருந்ததால் திருப்பி அனுப்பினார். 499 மட்டும் திரும்ப வந்தது. டெலிவரி, ஹேண்ட்லிங் கட்டணங்களைத் திருப்பித் தர மாட்டார்களாம். உடைந்த பொருளை விற்றவரிடம் 358 ரூபாய் தங்கிவிட்டது. விலையைக் குறைத்து, கட்டணத்தை ஏற்றிவைப்பதன் சூட்சுமம் இதுதான்: விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரலாம், கட்டணம் கையைவிட்டுப் போகாது.

டெலிவரிக்குப் பணம் வாங்குவது குற்றமில்லை. மறைப்பதுதான் தவறு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, டெலிவரி, தபால், ஹேண்ட்லிங், வரி எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதைப் பிரித்தும் காட்ட வேண்டும். வாடிக்கையாளரின் சம்மதத்துக்கு முன்கூட்டியே டிக் போட்டுவைக்கவும் கூடாது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, பணம் கட்டும் பக்கத்தில் விலையை ஏற்றுவது இரண்டையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன.

போனில் ஆர்டர் கொடுப்பவர்களுக்குப் பார்க்க எந்தப் பக்கமும் இல்லை. அதனால், “கூரியர்காரர் கையில் மொத்தம் எவ்வளவு கொடுக்கணும்?” என்று கேட்டு, அந்தத் தொகையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் ஆர்டரே வேண்டாம். டிவி வழியாக வாங்குபவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

“முந்நூறு ரூபாய்க்கு யார் அலைவது?” என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதில் தீரவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் லேபிளைப் படமெடுத்து வையுங்கள். விளம்பரம், பில், எஸ்எம்எஸ் எல்லாம் இருக்கட்டும். புகாரில் பொருளின் விலையோடு நிறுத்தாமல் ஹேண்ட்லிங், கேஷ் ஆன் டெலிவரி, திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.