எக்கினேசியா என்னும் முட்கூம்பு

சளிக்காலம் வந்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் மருந்துக்கடைகளில் 'எக்கினேசியா' டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப்பகுதிப் புல்வெளிகள்தான் இதன் சொந்த ஊர்.

கிரேக்கத்தில் 'எக்கினோஸ்' என்றால் முள்ளெலி. கடல் முள்ளெலிக்கும் அதே பெயர்தான். பூவைத் தொட்டால் காரணம் புரியும். ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்கள் நாளாக ஆகக் கீழே தொங்கிவிடும். நடுவே குவிந்த மேட்டில் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒட்டி, அதைவிட நீளமாக, ஆரஞ்சு நுனியுடன் ஒரு விறைத்த செதில். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குத்தும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதை ருட்பெக்கியா என்ற செடி வகையோடு சேர்த்திருந்தார். 1794-இல் ஜெர்மன் தாவரவியலாளர் கொன்ராட் மோன்ச் தனியே பிரித்து இந்தப் பெயரை வைத்தார்.

'கோன்ஃபிளவர்' என்ற ஆங்கிலப் பெயரை ஒட்டிக் 'கூம்புப்பூ' எனலாம். ஆனால் மாலையில் தாமரை கூம்பும் என்பது நம் வழக்கு. கூம்புப்பூ என்றால் மூடிய பூ என்று தோன்றிவிடும். 'ஊதாக் கூம்புப்பூ'வும் ஒத்துவராது, பாரடாக்சா என்ற இனம் மஞ்சளாகப் பூக்கிறது. 'முட்கூம்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கிரேக்கப் பெயரில் உள்ள முள்ளும் இதில் நிற்கிறது.

டப்பாவில் எந்த இனம், எந்தப் பாகம் என்று பார்த்து வாங்குங்கள். லக்கோட்டா முதலிய புல்வெளிப் பழங்குடிகள் பல்வலிக்கும் தொண்டைவலிக்கும் மென்றது அங்குஸ்டிஃபோலியா என்ற குறுகிய இலை முட்கூம்பின் வேரை. அதிலுள்ள ஆல்கைலமைடுகள் என்ற வேதிப்பொருள்களால் நாக்கு சுறுசுறுவென்று மரத்துப்போகும். 1930களில் ஜெர்மனியின் மருந்து தயாரிப்பாளர் கெர்ஹார்ட் மடாவுஸ் அந்த இனத்தின் விதையைத்தான் தேடினார். கைக்குக் கிடைத்தது பர்ப்யூரியா என்ற ஊதா இனத்தின் விதை. அதன் சாற்றிலிருந்தே மருந்து செய்தார். இன்று தோட்டங்களில் நாம் வளர்ப்பதும் பெரும்பாலும் பர்ப்யூரியாதான்.

வளர்ப்பது கஷ்டமில்லை. விதைக்கு ஈரமும் குளிரும் வேண்டும். இலையுதிர்காலத்தில் விதைத்துவிடலாம், இல்லையென்றால் ஈர மணலில் கலந்து ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து விதைக்கலாம். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். வேர் வேண்டுமானால் மூன்று, நான்கு ஆண்டு காத்திருந்து, இலையுதிர்காலத்தில் தோண்டுங்கள். அங்குஸ்டிஃபோலியாவுக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். இடம் மாற்றி நட்டால் எளிதில் பிடிக்காது.

சளிக்கு இது கேட்குமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பலன் இருந்தாலும் சிறிதுதான், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது. சாமந்தி, ராக்வீட் என்ற களை போன்ற செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமை தரலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.