பழைய மீட்டருக்குத் தெரியாத கசிவு

புது மீட்டர் மாட்டிய பிறகு தண்ணீர்க் கட்டணம் 55 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 100 வெள்ளிக்குத் தாவிவிட்டது, வீட்டில் அதே நான்கு பேர்தான், மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரை அல்ல, கழிப்பறைத் தொட்டியை.

கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கனமீட்டர் வரை ஒரு கனமீட்டருக்குத் தண்ணீர் விலை 1.43 வெள்ளி. அதன் மேல் 50% தண்ணீர்ச் சேமிப்பு வரி 72 காசு, கழிவுநீர்க் கட்டணம் 1.09 வெள்ளி. ஆக 3.24 வெள்ளி, பொருள், சேவை வரி தனி. கழிவுநீர்க் கட்டணமும் உள்ளே வந்த நீரை வைத்தே போடப்படுவதால், கசிந்து போனதற்கும் முழு விலைதான். 2023இல் தனிநபர் பயன்பாடு நாளுக்கு 141 லிட்டர். நான்கு பேருக்கு மாதம் சுமார் 17 கனமீட்டர், அதாவது 55 வெள்ளி.

இப்போது மீட்டருக்குள் போவோம். பிஸ்டன் வகை மீட்டரில் ஒரு வட்ட அறை, அதற்குள் அதைவிடச் சிறிய உள்ளீடற்ற உருளை. உள்ளே வரும் பக்கம் நீரின் அழுத்தம் சற்றுக் கூடுதல், வெளியேறும் பக்கம் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசமே உருளையைத் தள்ளுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி குழியின் சுவரை ஒட்டியே வட்டமிடுமே, அப்படித்தான் இந்த உருளையும் அறைச்சுவரை உரசியபடி வலம்வரும். ஒரு வலத்துக்கு ஒரே அளவு நீர், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வலங்களை ஒரு காந்தம் மேலே நீர் புகாத பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களுக்குக் கடத்த, எண்கள் நகர்கின்றன. மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை. குழாய் நீர் தன் அழுத்தத்தாலேயே தன்னைத் தானே அளந்துகொள்கிறது. பொறியியலில் இவ்வளவு அழகான பொருள்கள் அதிகமில்லை.

ஆண்டுகள் போகப்போக உருளைக்கும் சுவருக்கும் இடையே தேய்மானம் வரும். மெல்லிய ஓட்டம் உருளையை அசைக்காமல் அந்த இடுக்கு வழியே நழுவிவிடும். நீர் பட்டுச் சுழலும் விசிறியைக் கொண்டு அளக்கும் விசிறி வகை மீட்டரில் உராய்வு கூடி, விசிறி நின்றே போகும். அதனால் வயதான மீட்டர் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். விசிறி வகையில் வடிகட்டி பாதி அடைத்துக்கொண்டால் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. ஆனால் அது இரட்டிப்பாகும் அளவுக்குப் போவது அரிது.

மீட்டரின் முகப்பில் ‘கியூ3 2.5’, ‘ஆர்80’ என்பதுபோல அச்சிட்டிருக்கும். முதலாவது மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம், மணிக்கு எத்தனை கனமீட்டர் என்ற கணக்கில்; இரண்டாவது அதை வகுக்கும் எண். 2.5 கனமீட்டரை 80ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 31 லிட்டர். அதற்குக் கீழான ஓட்டத்துக்கு அந்த மீட்டரின் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆர்160 என்றால் அந்த எல்லை 16 லிட்டர். கழிப்பறைத் தொட்டியில் மணிக்கு 20 லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான், சத்தமே வராது. மிதவை வால்வு மயிரிழை திறந்து, போகும் நீரை அப்படியே ஈடுகட்டிக்கொண்டிருக்கும். தேய்ந்துபோன ஆர்80 மீட்டர் இதில் பெரும்பகுதியைப் பதியாமல் விடலாம். புதிய ஆர்160 கிட்டத்தட்ட முழுவதையும் பிடித்துவிடும்: மாதம் 14.4 கனமீட்டர், 46.66 வெள்ளி. வாசகரின் தாவல் ஏறக்குறைய இதுதான். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயோ இதில் ஒரு சிறு பங்கைத்தான் வீணாக்கும். எல்லாரும் அந்தச் சொட்டைத்தான் துரத்துகிறார்கள்.

சோதனை எளிது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வீட்டு வாசலுக்கு வெளியே குழாய் அறையில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். முதலில் அதன் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். முகப்பில் சிறு நட்சத்திரமோ முக்கோணமோ இருந்தால், மெல்லிய கசிவுக்கும் அது திரும்பும். திரும்பினால், தொட்டிக்குப் போகும் கோண வால்வை மூடுங்கள். உடனே நின்றால் குற்றவாளி தொட்டிதான். வால்வு மூடியபடியே தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் வழிகுழாயின் (தொட்டி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்துபோகும் குழாய்) வாய்க்குக் கீழே இறங்கினால், தொட்டியின் அடித்துளையை மூடும் ரப்பர் போய்விட்டது. கிருமிநீக்கியான குளோராமின் கலந்த நீரில் ஊறி ஊறிச் சிதைந்திருக்கும், தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். வழிகுழாயின் வாயோடு நின்றுவிட்டால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை. மட்டம் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி மிதவையை இறக்குங்கள், அதற்கும் நிற்காவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும்.

2022 முதல், தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் சில வட்டாரங்களில் பொருத்திவரும், அளவைத் தானாகவே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களில், இரவெல்லாம் ஓட்டம் சுழியத்தைத் தொடவில்லை என்பதை வைத்தே கசிவைக் கண்டுபிடித்துவிடலாம். பொதுப்பணத்தை இதற்குச் செலவிடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எல்லா வட்டாரத்துக்கும் சீக்கிரம் வர வேண்டும்.

பழைய முறையில் மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள். இடைமாத பில், முந்தைய பயன்பாட்டை வைத்துப் போடும் மதிப்பீடு. கசிவை அடைத்த பிறகும் ஒரு பில் பெரிதாக வரலாம். அந்த மாதம் மீட்டர் எண்ணை நீங்களே படித்து அனுப்பிவிடுங்கள்.