ஒளிந்திருக்கும் எலி சத்தம் போடாது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேரனோடு கண்ணாமூச்சி ஆடினால் அவனைவிட எனக்குத்தான் குஷி அதிகமாக இருக்கிறது. இந்த வயதில் இது இயல்புதானா?" இயல்புதான். காரணத்தைத் தெரிந்துகொள்ள எலிகளிடம் போக வேண்டும்.

பரிசு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடும், எதிர்பாராமல் கிடைத்தால் இன்னும் கூடும் என்று பலரும் படித்திருப்பீர்கள். சூதாட்டத்துக்கு அந்த விளக்கம் பொருந்தும். கண்ணாமூச்சியில் பரிசு எங்கே இருக்கிறது?

ஜெர்மனியில் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் மிக்கேல் பிரெக்ட் குழு, எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. சுமார் 30 சதுர மீட்டர் அறை, ஆங்காங்கே பெட்டிகள், தடுப்புகள். எலியைச் சிறு பெட்டியில் வைத்து மூடினால் அது தேட வேண்டிய முறை. மூடாமல் விட்டால் ஒளிய வேண்டிய முறை. சரியாக ஆடினால் தீனி கிடையாது. கிச்சுகிச்சு மூட்டுவார்கள், கையால் பொய்ச்சண்டை போடுவார்கள். ஆறு எலிகளும் தேடக் கற்றுக்கொண்டன. ஐந்து எலிகள் ஒளியவும் கற்றுக்கொண்டன. ஒளியும்போது, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டியை விட்டுவிட்டு, தெரியாத பெட்டியாகப் பார்த்துப் புகுந்தன. எலிகள் உற்சாகத்தில் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் தனிக் கருவி வைத்துத்தான் கேட்க முடியும். தேடும்போது அப்படிக் கீச்சிட்டுத் தள்ளிய எலிகள், ஒளிந்திருக்கும்போது பெரும்பாலும் மூச்சுக் காட்டவில்லை! எனக்கு இதையும்விடப் பிடித்தது, கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அவை செய்தது. பல தடவை பிடி கொடுக்காமல் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டன. கிச்சுகிச்சு தள்ளிப்போனாலும் ஆட்டம் நீள வேண்டும் என்பதுபோல.

இந்த ஆசை மூளையில் எங்கே இருக்கிறது? மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியை அகற்றிய எலிக்குட்டிகளும் பொய்ச்சண்டை போடுவதை நரம்பியலாளர் யாக் பாங்க்செப் முன்பே காட்டியிருந்தார். 2023இல் பெர்லின் குழு இடத்தையே சுட்டியது: நடுமூளையில், திரவம் ஓடும் சிறு குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறத் திசு. அதைச் செயலிழக்க வைத்தால் விளையாட்டும் குறைகிறது, கீச்சொலியான 'சிரிப்பும்' குறைகிறது. நமக்கும் அந்தத் திசு உண்டு. வயது ஏறினால் ஆடும் நேரம் குறையலாம். நடுமூளை எங்கும் போய்விடுவதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பளீரென்ற வெளிச்சத்தில், உயரமான மேடையில் எலியை நிறுத்திக் கிச்சுகிச்சு மூட்டினால் அது சிரிப்பதில்லை. தொடுதலுக்குத் துடிப்பாகப் பதில் தரும் மூளை நரம்பணுக்களும் அடங்கிவிடுகின்றன. 2016இல் இதே குழு கண்டது இது. பயம் இருந்தால் விளையாட்டு வராது. பெரியவர்கள் எளிய ஆட்டங்களை நாடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்களின் நாளில் பெரும்பகுதி யாராவது மதிப்பெண் போடும் மேடையில்தான் கழிகிறது. கண்ணாமூச்சியில் விதி ஒரு நிமிடத்தில் புரியும், தோற்றால் போவது ஒன்றுமில்லை, திறமை இல்லை என்று யாரும் சொல்லப்போவதுமில்லை.

எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டவா மக்கள் வரிப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. அச்சத்தின்போது உறைந்து நிற்பதையும் தப்பி ஓடுவதையும் இயக்குவது இதே நடுமூளைத் திசுதான். பயத்தை ஆராயத் தாராளமாகக் கிடைக்கும் நிதி, அதன் பக்கத்திலேயே இருக்கும் விளையாட்டை ஆராயவும் கிடைக்க வேண்டும்.